வீழ்ந்து விட்டாய், நின்றாய்: பாரதியின் பெல்ஜியம் பாட்டை அலகிட்டுப் பார்த்தல்

பாரதியின் தேசிய கீதங்களின் கடைசியில் 'பிற நாடுகள்' என்றொரு சிறு பகுதி உண்டு. 'புதிய ருஷியா'வைத் தேடி அங்கே போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் 'பெல்ஜியம் நாட்டிற்கு வாழ்த்து' என்ற பாட்டைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 9 விருத்தம், அதாவது நான்கடிப் பாடல் ஒன்பது, மொத்தம் 36 அடி. முதல் உலகப்போரைப் பாடும் போர்ப்பாட்டு அது. தமிழில் யாப்பு, எதுகை மோனை (இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை, முதல் எழுத்து ஒன்றுவது மோனை), சொல் திரும்ப வருதல் ஆகிய மூன்றும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியவில்லை. வடிவத்தில் இவ்வளவு ஒழுங்கு இருப்பதால், ஒழுங்கு எங்கே விலகுகிறதோ அந்த இடம் பளிச்சென்று தெரியும்.

முதலில் சம்பவம். பெல்ஜியம் எந்தப் பக்கமும் சேராத நாடாக இருக்கும் என்று 1839இல் லண்டனில் வல்லரசுகள் கையெழுத்திட்டன. அவற்றில் பிரஷ்யாவும் ஒன்று. 1914 ஆகஸ்ட் 2 மாலை, பிரான்ஸைத் தாக்க வழிவிடும்படி ஜெர்மனி பெல்ஜியத்துக்கு 12 மணி நேரக் கெடு வைத்தது. மறுநாள் காலை பெல்ஜியம் மறுத்தது. ஆகஸ்ட் 4 அன்று படை எல்லை தாண்டியது. லியேஜ் கோட்டைகள் ஆகஸ்ட் 16 வரை தாக்குப்பிடித்தன, 20ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் விழுந்தது, அக்டோபரில் ஆண்ட்வெர்ப் விழுந்தது. நாட்டின் பெரும்பகுதி போயிற்று. ஆனால் மன்னர் ஆல்பர்ட் தலைமையில் மிச்சப் படை ஈஸர் ஆற்றங்கரையில் நின்றுவிட்டது. பாரதி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் இருந்தார்.

விழுந்தது, ஆனாலும் நின்றது. பாட்டு முழுக்க இந்த இரண்டு வினைகள்தான். அவை யாப்பில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதில் பாட்டின் உயிர் இருக்கிறது. முதல் விருத்தம்:

அறத்தினால் வீழ்ந்து விட்டாய்,
அன்னியன் வலிய னாகி
மறத்தினால் வந்து செய்த
வன்மையைப் பொறுத்தல் செய்வாய்,
முறத்தினால் புலியைத் தாக்கும்
மொய்வரைக் குறப்பெண் போலத்
திறத்தினால் எளியை யாகிச்
செய்கையால் உயர்ந்து நின்றாய்!

பார்த்ததும் எட்டு வரி என்று எண்ணிவிடக் கூடாது. அச்சில் இடம் போதாமல் ஒவ்வோர் அடியையும் இரண்டாக மடித்திருக்கிறார்கள். உண்மையில் நான்கே அடி, அடிக்கு ஆறு சீர். இதைக் கவனிக்காமல் எட்டு வரியாக எடுத்துக்கொண்டால் 'எதுகை ஒரு வரி விட்டு ஒரு வரி வருகிறது, மோனை அடுத்தடுத்த வரிகளில் வருகிறது' என்று தவறாக எழுத நேரும். தேர்வுத் தாள்களில் அதிகம் காணும் பிழை இதுதான். எதுகை அடிக்கு அடி வருகிறது, மோனை ஒரே அடிக்குள் முதல் சீருக்கும் நான்காம் சீருக்கும் இடையே வருகிறது என்பதே சரி.

அலகிடுவோம், அதாவது சீர்களை அசைகளாகப் பிரிப்போம். அடியை மடிக்காமல் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். குறில் தனித்தோ ஒற்றடுத்தோ, நெடில் தனித்தோ ஒற்றடுத்தோ வந்தால் நேர். இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து வந்தால் நிரை. பின்னால் ஒற்று வந்தாலும் நிரைதான். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இவற்றோடு மூன்றாம் அசையாக நேர் சேர்ந்தால் காய்ச்சீர், நிரை சேர்ந்தால் கனிச்சீர்.

அறத்/தினால் – வீழ்ந்/து – விட்/டாய் – அன்/னியன் – வலி/ய – னா/கி
கருவிளம் – தேமா – தேமா – கூவிளம் – புளிமா – தேமா

மற்ற மூன்று அடிகளையும் இப்படியே பிரித்து ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் ஒரு கட்டம் கிடைக்கும். முதல், நான்காம் சீர்களில் விளம். இரண்டாம், ஐந்தாம் சீர்களில் தேமாவோ புளிமாவோ. மூன்றாம், ஆறாம் சீர்களில் தேமா மட்டும். 'விளம் மா தேமா' இரு முறை வரும் அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம் இது. வாய்பாடு நினைவில் நிற்கவில்லையென்றால் தொண்டரடிப்பொடியாழ்வாரின் 'பச்சைமா மலைபோல் மேனி பவளவாய் கமலச் செங்கண்' அடியை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். அதே தாளம். ஒரு கட்டத்தில் ஆழ்வார் அடியையும் அடுத்ததில் பாரதி அடியையும் மாற்றி மாற்றிச் சொல்லலாம், ஓர் அசைகூட இடறாது. கோயில்தோறும் ஒலிக்கிற பக்தி யாப்பில் பாரதி போர்க்களத்தைப் பாடினார். கேட்டுப் பழகிய காதுக்கு அந்தத் தாளமே ஒரு வணக்கம்.

மூன்றாம், ஆறாம் சீர்களைத் தனியாகச் சரிபாருங்கள். 36 அடி, 72 இடம். விட்டாய், னாகி, செய்த, செய்வாய் என்று தொடங்கி 'ளோர்க்கே' வரை எல்லா இடத்திலும் தேமா. ஒரு புளிமாகூட நுழையவில்லை. ஒவ்வோர் அரையடியும் கனத்த இரண்டு அசையில் ஊன்றி நிற்கிறது, முரசில் இரண்டு அடி அடித்து நிறுத்துவதைப் போல.

அலகிடும்போது தடுமாறுகிற இடங்களைச் சொல்லிவிடுகிறேன். 'வன்மையைப்', 'செய்கையால்' ஆகியவற்றில் மை, கை இரண்டையும் நெடிலாக எண்ணினால் மூன்று அசை ஆகிவிடும். சொல்லின் இடையிலும் கடையிலும் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாகும், அதனால் 'மையைப்', 'கையால்' இரண்டும் நிரையசை. வன்/மையைப், செய்/கையால் என இரண்டும் கூவிளம். 'வீழ்ந்து', 'வந்து' போன்றவற்றின் ஈற்றுக் குற்றியலுகரம் இங்கே சாதாரண நேரசை. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு உரிய காசு, பிறப்பு வாய்பாட்டை விருத்தத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

அதைவிடப் பெரிய தொல்லை சந்தி பிரித்த பதிப்புகள். வாசிக்க எளிதாக்குகிறோம் என்று இரண்டாம் விருத்தத்தில் 'திண்மையோடு அடர்க்கும் போதில்' என்று அச்சிட்டிருப்பார்கள். அப்படியே அலகிட்டால் திண்/மையோ/டு, கூவிளங்காய். பாரதி பிழை செய்துவிட்டார் என்று தோன்றும். சேர்த்துப் படியுங்கள்: திண்மையோ டடர்க்கும் போதில். கூவிளம், புளிமா, தேமா. சரியாகிவிட்டது. 'மேலென்று உளத்திலே' என்பதும் அப்படித்தான், 'மேலென் றுளத்திலே' என்றால்தான் மூன்றாம் சீர் தேமாவாகும். ஆறாம் விருத்தத்தின் முடிவை 'ஓங்குக வென்றெதிர்த்து' என்று பிரித்துப் போட்டிருந்தால் அதை 'ஓங்குகென் றெதிர்த்து' என்று மீட்டுக்கொள்ள வேண்டும். யாப்பு மென்பொருளில் போடுவதற்கு முன்னும் இந்த வேலையை முடித்துவிடுங்கள், சந்தி பிரித்த பாடத்தை அதற்குக் கொடுத்தால் விருத்தத்தை அடையாளம் காணாமல் தவிக்கும். சொல்லைச் சீர் எல்லையில் உடைப்பதை வகையுளி என்பார்கள். 'மெலித லின்றி', 'வலிய னாகி' போன்றவை அதுதான். பொருளுக்காகச் சொல்லைச் சேர்த்தும் தாளத்துக்காகச் சீரைப் பிரித்தும், ஒரே அடியை இரண்டு விதமாகப் பார்க்கப் பழக வேண்டும்.

இனி ஐந்து விருத்தங்களின் தொடக்கத்தை வரிசையாக வைப்போம்.

அறத்தினால் வீழ்ந்து விட்டாய்
வண்மையால் வீழ்ந்து விட்டாய்
மானத்தால் வீழ்ந்து விட்டாய்
வீரத்தால் வீழ்ந்து விட்டாய்
துணிவினால் வீழ்ந்து விட்டாய்

ஐந்திலும் மூன்றாம் வேற்றுமைதான், ஆனால் உருபு சேர்ந்த விதம் வேறு வேறு. அறத்தால் என்று சொன்னால் அறத்/தால், வெறும் புளிமா, விளம் வேண்டிய இடத்தில் போதாது. ஆகவே 'இன்' சாரியை சேர்த்து 'அறத்தினால்', கருவிளம் ஆக்குகிறார். 'துணிவால்' என்பதற்கும் அதே குறை, அதே மருந்து. 'வண்மையால்' அப்படியே கூவிளம், தொட வேண்டியதில்லை. 'மானத்தினால்' என்று 'இன்' சேர்த்தால் மா/னத்/தினால், தேமாங்கனி ஆகி நீண்டுவிடும். எனவே அங்கே சாரியையை விட்டு 'மானத்தால்'. இலக்கண வகுப்பில் 'சாரியை பொருள் தராது' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். கவிஞன் கையில் அது கல் அடியில் செருகும் சில்லு, உயரம் குறைந்த இடத்தில் கொடுத்து, கூடின இடத்தில் எடுத்துவிடுவான்.

ஆனால் 'மானத்தால்' மா/னத்/தால் என்று தேமாங்காய் ஆகிறதே, விளம் அல்லவே? ஆம். இந்த விருத்தத்தில் விளச்சீர் வர வேண்டிய இடத்தில் மாங்காய்ச்சீர் வரலாம் என்பது மரபு தந்த நெகிழ்வு. பாரதி அதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 3, 4, 7 ஆகிய மூன்று விருத்தங்களில் மட்டும் நான்கு அடியின் முதல் சீரும் காய்: மானத்தால், வானத்தாற், ஊனத்தால், ஆனத்தை, வீரத்தால், ஓரத்தே, பாரத்தை, நேரத்தே, யாருக்கே, ஊருக்குள், போருக்கு, வேருக்கும். வேறெங்கும் முதல் சீரில் காய் இல்லை. ஓர் அடியில் காய், அடுத்த அடியில் விளம் என்று ஒரே விருத்தத்துக்குள் கலக்கவும் இல்லை. நான்காம் சீரில் இரண்டே இடத்தில் காய் வருகிறது, 'வேதங்கள்', 'துயருண்டோ'. மொத்தம் 14, அத்தனையும் மாங்காய். விளங்காய் ஒன்றுகூட இல்லை. மேலே சொன்ன 'திண்மையோடு' பாரதியின் பாடமாக இருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

இதில் எதுகைக்கும் பங்கு உண்டு. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒத்துவர வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'மானத்தால்' என்று தொடங்கிவிட்டால் அடுத்த மூன்று அடியும் நெடிலில்தான் தொடங்கியாக வேண்டும். மூன்றாம் விருத்தத்திலும் நான்காம் விருத்தத்திலும் அந்த நெடில்கள் வரிசையாக விழுகின்றன: மா, வா, ஊ, ஆ, வீ, ஓ, பா, நே. வாய் ஒவ்வோர் அடிக்கும் அகலத் திறக்கிறது. மலை உருண்டு வரும்போது ஒதுங்காமல் நிற்பவனைச் சொல்ல அந்தக் கனம் தேவை.

அடுத்து ஐந்தாம், ஆறாம் விருத்தங்களில் ஒரே தாவாகக் குறிலுக்குப் போகிறார். ஆறாவது:

வெருளுத லறிவென் றெண்ணாய்,
விபத்தையோர் பொருட்டாக் கொள்ளாய்,
சுருளலை வெள்ளம் போலத்
தொகையிலாப் படைகள் கொண்டே
மருளுறு பகைவர் வேந்தன்
வலிமையாற் புகுந்த வேளை,
"உருளுக தலைகள், மானம்
ஓங்குகெ"ன் றெதிர்த்து நின்றாய்.

வெருளுத, சுருளலை, மருளுறு, உருளுக. நான்கும் கருவிளம்தான், முதல் விருத்தத்தின் 'அறத்தினால்' போல. ஆனால் சந்தக் கணக்கில், அதாவது குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் ஒற்றடுத்த எழுத்துக்கும் இரண்டு என்று எண்ணினால், 'அறத்தினால்' 6, 'மானத்தால்' 6, 'உருளுக' 4. வாய்பாட்டின் பெயர் மாறவில்லை, எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதனால்தான் இந்த விருத்தம் ஓடுகிறது. வெள்ளமும் தலைகளும் உருள்கின்றன, சீரும் உருள்கிறது. வாய்பாட்டை எழுதிவிட்டு 'யாப்பு ஆய்வு முடிந்தது' என்று நிறுத்துபவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். தேமா, கருவிளம் என்பவை எலும்புக்கூடு. குறில் நெடில் எண்ணிக்கைதான் தசை.

எதுகையின் ஆழமும் பார்க்கத்தக்கது. அறத்தினால், மறத்தினால், முறத்தினால், திறத்தினால். முதல் எழுத்து மட்டும் மாற, சீர் முழுவதும் ஒன்றி வருவது தலையாகு எதுகை. இங்கே ஒலி ஒன்று, உருபு ஒன்று, ஆனால் நான்கு சொல்லின் வேலை நான்கு விதம். அறம் பெல்ஜியம் விழுந்ததற்குக் காரணம். மறம் பகைவன் வந்த முறை. முறம் குறப்பெண் கையில் ஆயுதம். திறம் எந்த அளவில் எளியவள் என்பதைச் சொல்கிறது. அறமும் மறமும் பகைச்சொற்கள், எதுகை அவற்றை நேருக்கு நேர் நிறுத்துகிறது. அடுத்து வரும் முறம் வீட்டுச் சாமான், புடைக்கிற முறம், பேரரசின் பீரங்கிக்கு எதிரே. பெல்ஜியத்தைப் பாராமலே தமிழ் வாசகன் அதைப் புரிந்துகொள்வது இந்த ஒரு சொல்லால். சில பதிப்புகளில் 'திறத்தினான்' என்று இருக்கும், 'திறமையுள்ளவன்' என்று பொருள் கொண்டுவிடாதீர்கள். 'ஆன்' என்பதும் மூன்றாம் வேற்றுமை உருபே.

மோனைக்கு வருவோம். முதல் விருத்தத்தில் மோனை 'அ–அ' தவிர வேறெங்கும் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. எழுத்து அப்படியே திரும்பினால்தான் மோனை என்ற எண்ணம்தான் காரணம். இன எழுத்துகள் மோனையாகும் என்பதை நினைவில் வைத்தால் நான்கு அடியும் திறந்துகொள்ளும். மெய்யில் ம–வ ஓரினம், ச–த ஓரினம், ஞ–ந ஓரினம். உயிரில் அ ஆ ஐ ஔ ஓரினம், இ ஈ எ ஏ ஓரினம், உ ஊ ஒ ஓ ஓரினம். மறத்தினால்–வன்மையை: ம–வ. முறத்தினால்–மொய்வரை: உ–ஒ. திறத்தினால்–செய்கையால்: த–ச, கூடவே இ–எ. ஒரே விருத்தத்தில் நான்கு வகை. நான்குசீர் அடிக்குரிய 'ஒரூஉ மோனை' என்ற பெயரை இதற்குக் கொடுக்க வேண்டாம். இங்கே நான்காம் சீர் அடியின் முடிவு அல்ல, இரண்டாம் அரையடியின் தலை.

இரண்டாம் விருத்தத்தில் 'ஒண்மைசேர்' என்பதற்கு மோனை 'றுளத்திலே'யா என்று கேட்கலாம். சந்தியில் ஏறிய றகரத்தை நீக்கி 'உளத்திலே' என்றே கொள்ள வேண்டும், ஒ–உ.

இப்படி 36 அடியையும் சோதித்தால் 35இல் ஒன்றாம் சீரும் நான்காம் சீரும் மோனையால் கட்டுண்டிருக்கின்றன. ஓர் அடியில் மட்டும் இல்லை. ஐந்தாம் விருத்தத்தின் பிற்பாதி:

பணிவது கருத மாட்டாய்;
பதுங்குதல் பயனென் றெண்ணாய்;
தணிவதை நினைக்க மாட்டாய்
"நில்"லெனத் தடுத்தல் செய்தாய்.

தணிவதை என்பதற்கு நான்காம் சீர் 'நில்லென'. த–ந, மோனை இல்லை. வேண்டியிருந்தால் பாரதிக்குத் தகரச் சொல்லுக்கா பஞ்சம்? 'தடுத்தல்' என்ற மோனைச் சொல் அதே அடியில் கையருகே, ஐந்தாம் சீரில் இருக்கிறது. அதை ஒரு சீர் முன்னால் தள்ளியிருந்தால் போதும். தள்ளவில்லை. காரணம் 'நில்' என்ற சொல் முந்தைய விருத்தத்திலிருந்து வருகிறது. அங்கே 'நேரத்தே பகைவன் றன்னை, "நில்"லென முனைந்து நின்றாய்' என்று நே–நி மோனையோடு, இதே நான்காம் சீரில் வந்தது. அதே சொல் அதே இடத்தில் மறுபடி வந்தாக வேண்டும் என்பது இங்கே மோனையைவிட முக்கியமாகிவிட்டது. படை ஓடிவருகிறது, தாளமும் மோனையும் சேர்ந்து ஓடிவருகின்றன, காது அடுத்த தகரத்துக்காகக் காத்திருக்கிறது, அங்கே 'நில்'. கட்டளை கேட்பவனின் காதிலேயே விழுகிறது. உடனே 'நினைக்க–நில்லென', 'தணிவதை–தடுத்தல்' என்று இரண்டு குறுக்கு மோனைகள் வந்து அடியைத் தாங்கிக்கொள்கின்றன, அதனால்தான் காது இடறுகிறதே தவிர விழுவதில்லை. இது கவிஞனின் தெளிவான தேர்வு என்றே கருதுகிறேன்.

அந்த விருத்தம் இன்னொன்றிலும் விலகுகிறது. முதல் ஏழு விருத்தங்களின் கடைசிச் சீரை மட்டும் எடுத்தால்: உயர்ந்து நின்றாய், காத்து நின்றாய், எதிர்த்து நின்றாய், முனைந்து நின்றாய், தடுத்தல் செய்தாய், எதிர்த்து நின்றாய், என்று நின்றாய். ஏழில் ஆறு நின்றாய், ஐந்தாவது மட்டும் செய்தாய். 'நில்' என்ற சொல் ஏற்கனவே அடிக்குள் வந்துவிட்டதால் முடிவில் மறுபடி நிற்க வேண்டியதில்லை.

இப்போது இரண்டு சொல்லையும் யாப்பின் கட்டத்தில் வைத்துப் பாருங்கள். 'வீழ்ந்து விட்டாய்' முதல் அடியின் 2, 3ஆம் சீர். 'காத்து நின்றாய்' கடைசி அடியின் 5, 6ஆம் சீர். இரண்டும் மா, தேமா. அளவு ஒன்று, வடிவம் ஒன்று: வினையெச்சம், அதன்மேல் துணைவினை. 'விடு' முடிந்துபோனதைச் சொல்லும், 'நில்' தொடர்ந்து இருப்பதைச் சொல்லும். விழுந்தது விருத்தத்தின் வாசலிலேயே முடிந்துபோகிறது. நிற்பது விருத்தத்தின் கடைசி ஒலியாகக் காதில் தங்குகிறது. பாட்டில் 'ஆனாலும்', 'எனினும்' என்று வாதாடும் சொல் இந்த இடத்தில் தேவைப்படவே இல்லை, சொற்கள் அமர்ந்த இடமே வாதாடிவிடுகிறது. இதே பகுதியில் உள்ள 'புதிய ருஷியா'வில் தலைகீழ்: 'ஆகாவென் றெழுந்ததுபார் யுகப்புரட்சி, கொடுங்கோலன் அலறி வீழ்ந்தான்'. அங்கே எழுச்சி அடியின் தலையில், வீழ்ச்சி அடியின் முடிவில். அதுவும் அறுசீர் விருத்தம்தான், ஆனால் நான்கு காய், ஒரு மா, ஒரு தேமா. காய்ச்சீர்கள் நான்கு தொடர்ந்து ஏறி, கடைசி இரண்டு சீரில் சடாரென்று இறங்குவது அந்தப் பாட்டின் நடை. பெல்ஜியம் பாட்டு அரையடிக்கு ஒரு முறை ஊன்றி ஊன்றி நடக்கிறது.

சொல் திரும்ப வருவதற்கு அணி இலக்கணத்தில் பெயர் பின்வருநிலையணி. சொல் மட்டும் திரும்பிப் பொருள் மாறினால் சொற்பின்வருநிலை, பொருள் மட்டும் திரும்பிச் சொல் மாறினால் பொருட்பின்வருநிலை, இரண்டும் திரும்பினால் சொற்பொருட்பின்வருநிலை. 'வீழ்ந்து விட்டாய்' ஐந்து முறை வருவது மூன்றாம் வகை. அதோடு நிறுத்திவிடக் கூடாது, எட்டாம் விருத்தம்வரை போக வேண்டும். ஆறாம் விருத்தத்திலேயே அந்தத் தொடர் மறைந்துவிடுகிறது. 6, 7 இரண்டிலும் விழுந்த பேச்சே இல்லை, நிற்பது மட்டும்தான். எட்டில் 'வேள்வியில் வீழ்வ தெல்லாம்' என்று வினை திரும்பி வருகிறது, ஆனால் பொருள் மாறி வருகிறது. இப்போது வீழ்வது போரில் தோற்பது அல்ல, வேள்வித் தீயில் அவி விழுவது. இது சொற்பின்வருநிலை. அடுத்த அடியின் தலையில் 'மீள்வதுண்டு'. வீழ்வது, மீள்வது: ழகரமும் ளகரமும் ஆதலால் கண்டிப்பான எதுகை ஆகாது, அடியெதுகை வேள்வி–மீள்வ–ஆள்வி–கேள்வி என்று வேறாக ஓடுகிறது. ஆனாலும் காதுக்கு அந்த இரண்டு சொல்லும் இரட்டைப் பிள்ளைகள்.

சின்னச் சின்ன மீள்வரவுகளும் உண்டு. 'மனமொவ்வாமல்' 3லும் 4லும் ஒரே சீர் நிலையில் வருகிறது. 'தொகையிலாப் படைகள்' 5லும் 6லும். இவை அழுத்தத்துக்காக வந்தவையா, விருத்தத்தை நிரப்ப வந்தவையா என்று கேட்டால், முதலாவது அழுத்தம், இரண்டாவது நிரப்பல் என்பேன். எதிர்மறை வினைகளின் அடுக்கு வேறு விஷயம்: கருத மாட்டாய், எண்ணாய், நினைக்க மாட்டாய், எண்ணாய், கொள்ளாய். 'ஆய்' என்று முடியும் இந்தச் சொற்கள் அரையடிதோறும் விழுந்து இயைபு ஆகின்றன. தமிழ் முன்னிலை வினை தானாகவே தரும் இயைபு இது, கவிஞன் தேடிப் போக வேண்டியதில்லை. அதனால்தான் இதை அவருடைய திறமையாகக் கணக்கில் எழுதாமல், எந்த இடத்தில் அடுக்கினார் என்பதை மட்டும் கவனிக்கிறேன். மோனை உடையும் அடியைச் சுற்றிக் குவித்திருக்கிறார்.

ஏழாம் விருத்தத்தில் எதுகை 'ரு' வல்லொற்றோடு இறுகுகிறது: யாருக்கே, ஊருக்குள், போருக்கு, வேருக்கும். 'யாருக்கே பகையென் றாலும், யார்மிசை இவன்சென் றாலும்' என்பது 1914இன் சட்டப் பிரச்சினையே. ஜெர்மனியின் பகை பிரான்ஸோடு, பெல்ஜியத்தோடு அல்ல. யார்மேல் போனாலும் எங்கள் எல்லை தாண்டாதே என்பதுதான் அந்த நாடு அனுப்பிய பதில். 'யாரு'க்கும் 'ஊரு'க்கும் 'போரு'க்கும் 'வேரு'க்கும் என்று நான்கே எதுகைச் சொல்லில் அந்தப் பதில் அடங்கிவிட்டது.

உரக்கப் படிக்கிறவர்களுக்கு: மூன்றாம் சீரின் முடிவில் மூச்சு வாங்க வேண்டாம், ஒரு நொடி ஊன்றினால் போதும். அடி முடிந்த இடத்தில் எல்லாம் நிறுத்தினால் பொருள் அறுபடும். முதல் விருத்தத்தில் 'அன்னியன் வலியனாகி மறத்தினால் வந்து செய்த வன்மையை' என்பது ஒரே வாக்கியம், அடி எல்லையைத் தாண்டி ஓடுகிறது. 3, 4ஆம் விருத்தங்களை மெதுவாகவும், ஐந்து ஆறை ஒரே மூச்சாகவும் படிக்க யாப்பே சொல்லித்தருகிறது. ஐந்தாம் விருத்தத்தின் 'நில்'லுக்குப் பிறகு மட்டும் உண்மையாகவே நிறுத்துங்கள். ஒன்பதாம் விருத்தத்தில் விளக்கு அணைகிறது, வெயில் வரும்வரை பொன்மாளிகை இருளில் மூழ்கிக் கிடக்கிறது, எதுகை விளக், களக், அளக், துளக் என்று குறிலுக்குத் திரும்புகிறது. முன்னிலை வினை எதுவும் மிச்சமில்லை, பெல்ஜியம் என்ற 'நீ' மறைந்து 'துணிவுள்ளோர்' என்று படர்க்கைக்குப் போய்விடுகிறது. கடைசி அரையடி 'துயருண்டோ துணிவுள் ளோர்க்கே'. அந்த 'துயருண்டோ' புளிமாங்காய், விளத்தைவிட ஓரசை நீளம். கேள்விக்கு உரிய ஓகாரத்தை இழுத்துச் சொல்ல அந்த ஓர் அசைதான் இடம் தருகிறது, அவசரப்பட்டு அதை விழுங்கிவிடாதீர்கள்.